கூலியோடு ஒரு குவாட்டர்

ஞாயிற்றுக்கிழமை இழவு வீட்டில் பறையடிக்கப் போன பையன், திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் டெஸ்க் மேல் தலையைக் கவிழ்த்துப் படுத்திருக்கிறான். பத்தாம் வகுப்பு. கணக்கு வாத்தியார் தட்டி எழுப்புகிறார். வாயில் வாடை. "காலனி புத்தி உன்ன உட்டு எங்கடா போவும்" என்கிறார். வகுப்பே சிரிக்கிறது. அடுத்த வாரம் அவன் கையில் டி.சி.

அதே பள்ளியில் ஊர்த்தெருப் பையன்கள் நாலு பேர் பம்புசெட்டில் பீர் குடித்து மாட்டினார்கள். அப்பன்மார் வந்தார்கள், தலைமையாசிரியர் அறையில் காபி குடித்தார்கள், வயசுக் கோளாறு என்று பேசி முடித்தார்கள். ஊரான் வீட்டுப் பிள்ளை குடித்தால் வயசு, நம்ம பிள்ளை குடித்தால் சாதி.

வாத்தியாரைத் திட்டுவது சுலபம் தோழர்களே, அதை ரொம்ப வருசமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். நான் கேட்பது வேறு. அந்தப் பையனுக்கு முதல் குவாட்டரை வாங்கிக் கொடுத்தது யார்?

21 வயசு ஆகாதவனுக்கு விற்கக் கூடாது என்று டாஸ்மாக் கடைக்கு விதி இருக்கிறது. அவன் கடைக்கே போகவில்லை. இழவு வீட்டுக்காரன் மோளக்காரங்களுக்குத் தலைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு மொத்தமாக வாங்கி வைத்திருந்தான். பெரியவங்களுக்குக் குவாட்டர், சின்னவனுக்குக் கட்டிங். "குடிச்சாத்தாண்டா கை ஓடும்." லீவு நாளில் சென்ட்ரிங் வேலைக்கும் பந்தல் வேலைக்கும் போகிற ஒன்பதாவது பத்தாவதுப் பையன்களுக்கும் இதே கதைதான். மேஸ்திரி கூலியில் நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு சரக்கில் சரிக்கட்டுகிறான்.

இது புதுசு இல்லை. குழி வெட்டவும் பிணம் எரிக்கவும் பறையடிக்கவும் நம்ம பாட்டனுக்கு ஊர் அளந்த கூலியில் சாராயம் ஒரு பங்கு. நெல்லைக் குறைப்பான், சாராயத்தைக் குறைக்க மாட்டான். நிதானத்தில் இருக்கிறவன் செய்ய மறுக்கிற வேலையை நிதானம் போனவனை வைத்துத்தான் செய்விக்க முடியும். அந்தக் கூலி முறை இன்று புத்தகப் பையைத் தொட்டிருக்கிறது.

இதைச் சொன்னால் நம்ம இலக்கியத் தோழர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. குடி நமது பண்பாடு, குடிக்காதே என்பது பார்ப்பனிய ஒழுக்கவாதம், போதையே கலகம் என்கிறார்கள். (இதைச் சொல்கிறவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.) மாட்டுக்கறி நம்ம சோறு. அதைத் தின்பது கலகம் என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1927இல் மகாத் மாநாட்டில் செத்த மாட்டுக்கறியை விடுங்கள் என்று அம்பேத்கர் சொன்னாரே, அது என்ன பார்ப்பனியமா? ஊர்ச் சேவகத்துக்குப் பதிலாக வந்த கறி அது. அதை விட்டால்தான் சேவகத்தையும் விட முடியும். இழவு வீட்டுக் குவாட்டர் இன்றைய செத்த மாட்டுக்கறி. 1956இல் நாகபுரியில் அவர் எடுக்க வைத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அதற்கும் முன்னால் இங்கே அயோத்திதாசப் பண்டிதர் பேசிய பஞ்சசீலத்திலும் அது உண்டு. காந்தியிடம் கடன் வாங்கிய பேச்சு இல்லை இது.

பதினைந்து வயசில் மூளை இன்னும் கட்டி முடிக்காத வீடு. நல்லது கெட்டது யோசித்துக் கையை நிறுத்துகிற முன்பகுதி வளர்ந்து முடிய இருபது வயசைத் தாண்டும். படித்ததைப் பதிய வைக்கிற பகுதியைத்தான் சாராயம் குறிப்பாகக் கெடுக்கிறது. தூக்கத்தையும் கெடுக்கிறது. ஞாயிறு குடித்தவனுக்குத் திங்களன்று நடத்திய பாடமும் நிற்காது, சனிக்கிழமை படித்ததும் சரியாக ஒட்டாது. இந்த வயசில் ஆரம்பித்தவன் அடிமையாகிற வாய்ப்பு, 21க்கு மேல் தொட்டவனைவிடப் பல மடங்கு. பத்தாம் வகுப்பில் தவறினால் பணக்காரப் பையனுக்கு டியூசன் இருக்கிறது. நம்ம பையனுக்கு சென்ட்ரிங் பலகை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் விஷச்சாராயத்தில் செத்தபோது நாடே பேசியது. திங்கட்கிழமை வகுப்பில் நடப்பது எந்தச் சாவுக் கணக்கிலும் வராது.

அரசு? 2003இல் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்தபோது, கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்று அளந்தது. கோயிலுக்கும் அதே அளவு. சேரிக்கு எத்தனை மீட்டர் என்று எவனும் அளக்கவில்லை. 2016 டிசம்பரில் நெடுஞ்சாலைக் கடைகளை உச்ச நீதிமன்றம் அகற்றச் சொன்னது, 2017இல் அவற்றைக் குடியிருப்புக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். விளக்குமாறோடு போய் அடித்து நொறுக்கியது பெண்கள்தான், நம்ம கட்சி ஆம்பளைகள் இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதியில் பள்ளி மாணவனுக்கு மாத உணவுப்படி 1000 ரூபாயாக இருந்தது, 2023இல் 1400 ஆக்கினார்கள். நாளுக்கு 47 ரூபாய்கூட வரவில்லை. 2024 பிப்ரவரியில் சாதாரணக் குவாட்டர் 140 ரூபாய். பையனின் மூன்று நாள் சோறு ஒரு பாட்டிலுக்குள் அடங்கியது. 2023-24இல் மட்டும் டாஸ்மாக்கில் அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல்.

முதல் குவாட்டர் யார் கொடுத்தது என்று கேட்டேன் அல்லவா. அந்தப் பையனிடமே கேட்டேன். "இழவு வூட்ல இல்லண்ணா. போன ஏப்ரல் பதினாலுக்கு போஸ்டர் ஒட்டப் போனமே, அன்னிக்கு" என்றான். அந்த வேனில் நானும் இருந்தேன். பசை வாளிக்குப் பக்கத்தில் பாட்டில் இருந்தது. ராத்திரியில் பையனுக்கு யாரோ ஊற்றிக் கொடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கையில் அண்ணல் படம், இன்னொரு கையில் பிளாஸ்டிக் டம்ளர்.

போன மாசம் தெருக்கூட்டத்தில் இரண்டு விஷயம் வைத்தேன். அமைப்பு வேலையில் சரக்கு இருந்தால் வண்டி கிளம்பாது. பள்ளிக்கூடம் போகிற பையனை இழவு மோளத்துக்குக் கூட்டிப் போகக் கூடாது. முதலாவதுக்கு முனகிக்கொண்டே தலையாட்டினார்கள். இரண்டாவதுக்குப் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"சின்னப் பசங்களும் வரலன்னா அப்புறம் ஊருக்கு யாருடா அடிப்பா?"

"யாரும் அடிக்க வேணாம் பெரியப்பா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கூட்டம் அதோடு கலைந்தது. வருகிற ஞாயிறு மறுபடியும் கூடுகிறோம்.