மெஷின் விலையில் கண்ணாடியும் சேர்த்தி

ஒரு காலத்தில் வெல்டிங் என்றால் தெருமுனைப் பட்டறைதான். இப்போது வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் ஆர்டர் போட்டால் வாசலுக்கே வந்துவிடுகின்றன. மொட்டை மாடிப் பந்தல், படிக்குக் கைப்பிடி என்று ஆளாளுக்கு இறங்கிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மெஷினுக்கு யோசிக்காமல் காசு கொடுப்பவர்கள் கண்ணாடிக்கும் கையுறைக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். அதுதான் இடிக்கிறது!

கேட்டால், "இத்தனை நாளா செய்றேன், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். இங்கேதான் சிக்கல். வெல்டிங் ஒளியின் புற ஊதாக் கதிர் கண்ணைத் தாக்கும்போது வலிக்காது. பகலில் வேலை முடிந்து, ராத்திரிதான் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. ஆர்க் வெல்டிங்குக்குப் பொதுவாக 10-ஆம் ஷேடோ அதைவிட இருட்டான கண்ணாடியோ வேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தையின் கண்ணும் கண்தானே?

புகையும் அப்படித்தான். ஜிஐ பைப்பை வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகை வரும். சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் அடிக்கும், ஏதோ வைரஸ் என்று மாத்திரை போடுவார்கள். வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-லேயே முடிவு செய்துவிட்டது.

கிரைண்டர் இதற்கு நேர்மாறு. யோசிக்கவே நேரம் தராது! நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வீலை மாட்டுகிறவர்கள், அந்த வீலில் அச்சிட்டிருக்கும் வேக வரம்பைப் படிப்பதில்லை. வரம்பு தாண்டினால் வீல் சிதறும். சிதறும் துண்டு முகத்துக்கு நேராகவும் வரலாம். காலி பெயின்ட் டின்னில், பெட்ரோல் டேங்கில் பொறி பட்டால் உள்ளே மிச்சமிருக்கும் ஆவியே வெடிக்கப் போதும்.

"பட்டறை அண்ணன் வெறுங்கண்ணோடு செய்றாரே?" என்று கேட்கலாம். அவருக்கு இன்றைக்குள் கேட்டை முடித்தால்தான் கூலி. வீட்டில் ஆசைக்குச் செய்பவருக்கு என்ன அவசரம்?

அக்கவுண்ட்ஸில் மெஷினின் விலை என்றால் பில் தொகை மட்டுமல்ல. லாரி வாடகை, பொருத்தும் கூலி என்று அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் செலவும் சேரும். வீட்டுப் பட்டறைக்கும் அதே கணக்குதான். முகக் கவசம், கையுறை, மாஸ்க், ஒரு வாளி மணல், இவையும் சேர்ந்ததுதான் மெஷின் விலை. அதற்கு பட்ஜெட் இடிக்கிறதா? அப்போ மெஷினை அடுத்த மாதம் வாங்கலாம். கண்ணை அடுத்த மாதம் வாங்க முடியாது.