நன்றி போதும், கோப்பை முடியுங்கள்

காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கும் நண்பர் ஒருவர், மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு அமெரிக்காவிலிருந்து திரும்பியிருக்கிறார். வந்த நாளிலிருந்து ஒரே புகழ்ச்சி. "அங்கே பட்டாளத்துக்காரனுக்கு என்ன மரியாதை தெரியுமா சார்! விமானத்தில் முதலில் ஏற்றுகிறார்கள். கடையில் தள்ளுபடி தருகிறார்கள். வழியில் போகிறவன்கூட நின்று நன்றி சொல்கிறான்!"

அவர் கண்டது பொய்யில்லை. ஆனால் நான் முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். ஓர் அரசு தன் சிப்பாயை எப்படி வைத்திருக்கிறது என்பது விமான நிலையத்தில் தெரியாது. அவன் மனுவோடு வந்து நிற்கும் கவுன்ட்டரில்தான் தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் இந்தோசீனாவிலிருந்து திரும்பிய சொல்தா ஒருவர் இருந்தார். தகரப் பெட்டியில் தன் 'லிவ்ரே மிலித்தேர்' புத்தகத்தைத் துணி சுற்றி வைத்திருப்பார். எங்களைத் தொடவிட மாட்டார். "நான் செத்தால்கூடப் பரவாயில்லைடா, இது கிழியக் கூடாது" என்பார். அப்போது சிரித்தோம். அந்த மனிதருக்கு அரசாங்கம் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் விட்டுவந்த அதே மண்ணில்தான் பிறகு அமெரிக்கா இறங்கியது. அங்கிருந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

1962 முதல் 1971 வரை, காட்டில் எதிரி ஒளியாமல் இருக்க மரங்களின் இலையை உதிர்க்கும் மருந்தை அமெரிக்க விமானங்கள் வியட்நாமில் தெளித்தன. மொத்தம் 7 கோடி லிட்டருக்கு மேல். அதில் பெரும்பங்கு 'ஏஜென்ட் ஆரஞ்சு'. அதற்குள் டையாக்சின் என்ற நஞ்சு இருந்தது. திரும்பிய சிப்பாய்களுக்குப் புற்றுநோய் வந்தது, தோல் நோய் வந்தது. மனு போட்டார்கள். "இந்த மருந்தால்தான் உனக்கு இந்த நோய் வந்தது என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டது அரசு. எந்த நாள் எந்தக் காட்டில் எவ்வளவு தெளித்தோம் என்ற கணக்கு அரசின் பீரோவில் இருக்கிறது. ஆதாரத்தை நோயாளி கொண்டுவர வேண்டுமாம்!

தயாரித்த கம்பெனிகள்மேல் போட்ட வழக்கு 1984-ல் 18 கோடி டாலருக்குச் சமரசமானது. முழுதும் முடங்கிப்போனவருக்கு அதிகபட்சம் 12,000 டாலர், அதுவும் பத்து வருடத்தில். மாதம் 100 டாலர் என்று கணக்கு வருகிறது. வியட்நாமியர் போட்ட வழக்கை 2005-ல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடியே செய்துவிட்டது.

அங்கே கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் அட்மிரல் சும்வால்ட். ஆற்றங்கரைகளில் தெளிக்கச் சொன்னவரும் அவரே. அந்த ஆறுகளில் ரோந்துப் படகு ஓட்டிய அவருடைய மகன் 1988-ல் புற்றுநோயில் இறந்தார். வயது 42. அந்த மருந்துதான் காரணம் என்று தந்தை நம்பினார். அட்மிரலின் வீட்டுக்கே வந்த நோய்க்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்? கடைசியில் 1991-ல்தான் சட்டம் வந்தது. வியட்நாமில் பணி செய்தாயா, பட்டியலில் உள்ள நோய் இருக்கிறதா, அது போதும். தெளிப்பது நின்று 20 வருடம் கழித்து!

பாடம் கற்றார்களா? ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம் குப்பை முழுவதையும், பிளாஸ்டிக், பேட்டரி உட்பட, குழியில் போட்டு எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் மனுக்கள் வருடக்கணக்கில் திருப்பப்பட்டன. அதே கேள்விதான்: "ஆதாரம் எங்கே?" 2022 ஆகஸ்டில்தான் அதற்கும் சட்டம் வந்தது.

இன்னொன்று. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவப் பதிவேடுகள் இருந்த அரசுக் கட்டடம் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்துக்குக் குறையாத கோப்புகள் சாம்பலாயின. நகல் கிடையாது. என்னென்ன எரிந்தன என்று பார்க்க அட்டவணையும் கிடையாது. தீயை அணைக்கும் தண்ணீர்க் குழாய் அமைப்புகூட அந்தக் கட்டடத்தில் இல்லை. தன் வீட்டில் தானே எரியவிட்ட தாளுக்கு ஈடாக வேறு தாள் தேடி அந்தக் கிழவர்கள் அலைந்தார்கள். எங்கள் தெரு சொல்தாவை நினைத்துக்கொண்டேன்.

"இப்படித் திறந்துவிட்டால் பொய்க்காரன் எல்லாம் வந்துவிடுவானே" என்றார் நண்பர். வருவான். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பொய்க்காரனுக்குப் போனது பணம், பிறகு பிடிக்கலாம். உண்மையானவனைத் திருப்பி அனுப்பினால் போவது அவன் ஆயுள். அதை எந்த ஆடிட்டும் மீட்டுத் தராது.

இதை நான் யோக்கியனாக நின்று சொல்லவில்லை. எண்பதுகளில் ஒரு கிழவி குடும்ப ஓய்வூதியத்துக்காக என் மேசைக்கு வந்தார். கணவர் பெயர் பழைய பிரெஞ்சுப் பதிவில் இரண்டு 'எஸ்' போட்டு ராமசாமி. ரேஷன் கார்டில் ஒரு 'எஸ்'. பிரெஞ்சில் ஒரு 'எஸ்' போட்டால் 'ராமஸாமி' என்றாகிவிடும், அதனால் இரண்டு போடுவார்கள் என்பது அந்த அலுவலகத்தில் மற்ற யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் 'பெயரில் வேறுபாடு, உரிய ஆதாரம் இணைக்கவும்' என்று எழுதித் திருப்பினேன். மூன்று முறை. நான்காவது முறை வந்தது அவர் மகள். கையில் இறப்புச் சான்றிதழ். அதில் மட்டும் எல்லா எழுத்தும் சரியாக இருந்தது.

அதனால்தான் அமெரிக்காவின் கைதட்டல் எனக்கு உறைக்கவில்லை. கைதட்டுபவனுக்குச் செலவில்லை. 1932-ல் முதல் உலகப்போர் வீரர்கள் பல்லாயிரம் பேர், 1945-ல் தருவதாக எழுதிக் கொடுத்த போனசைப் பசிக்கிற இப்போதே கொடுங்கள் என்று வாஷிங்டனில் கொட்டகை போட்டுக் கிடந்தார்கள். அதே நாட்டுப் பட்டாளம் குதிரைப்படையும் டாங்கியும் கண்ணீர்ப்புகையுமாக வந்து விரட்டியது. கொட்டகைகள் எரிந்தன. பணம் கிடைத்தது 1936-ல். அந்த வீரர்களும் போருக்குப் புறப்பட்டபோது ஊரே நின்று கைதட்டத்தான் செய்தது.

அனுப்பியது அரசு. பதிவேடு வைத்திருப்பதும் அரசு. அப்படியானால் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் அரசுதான். போனவன் ஏன் நிரூபிக்க வேண்டும்? இன்று கவுன்ட்டருக்கு உட்புறம் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 'ஆதாரம் இணைக்கவும்' என்று எழுதும் முன், அந்த ஆதாரம் உங்கள் பீரோவிலேயே இருக்கிறதா என்று ஒரு முறை எழுந்து போய்ப் பாருங்கள். நான் எழுந்திருக்கவில்லை.