பெர்ல் 5 இருக்கு... 6 எங்கே போச்சு? ஒரு நம்பரால் வந்த 20 ஆண்டு பஞ்சாயத்து

உங்க போன்ல ஆண்ட்ராய்டு 14 இருக்கு. 15 வந்துடுச்சுன்னா என்ன நினைப்பீங்க? 'நம்மகிட்ட இருக்கிறது பழசாயிடுச்சு' என்றுதானே? இந்த சாதாரண நினைப்புதான் 'பெர்ல்' என்ற புரோகிராமிங் மொழியை கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் படாதபாடு படுத்தியது.

பெர்ல் 6 எப்படி வந்தது?

அமெரிக்காவின் லேரி வால் 1987-ல் உருவாக்கிய மொழி பெர்ல். 1994-ல் பெர்ல் 5 வந்தது. 90-களில் ஏராளமான இணையதளங்கள் இதை நம்பித்தான் ஓடின.

2000-ம் ஆண்டு ஜூலையில், அடுத்த வெர்ஷனாக பெர்ல் 6 அறிவிக்கப்பட்டது. பழைய குறைகளைக் களைந்து, மொழியையே புதிதாக வடிவமைப்பது திட்டம். ஆனால், முதல் நிலையான வெளியீடு வந்தது 2015 கிறிஸ்துமஸ் அன்றுதான். 15 வருஷம் ஆகிப்போச்சு!

இதில் என்ன சிக்கல்?

வந்தது அடுத்த வெர்ஷன் அல்ல, வேறொரு மொழி. உதாரணமாக, இரண்டு சொற்களை ஒட்ட பெர்ல் 5-ல் புள்ளி வைப்பார்கள். 6-ல் அதற்கு அலைக்குறி. புள்ளிக்கு அங்கே வேறு வேலை. பழைய புரோகிராமை அப்படியே 6-ல் ஓட்ட முடியாது.

இன்னொரு பக்கம், பெர்ல் 5-ம் நிற்கவில்லை. அதற்கும் புதுப்புது வெளியீடுகள் வந்துகொண்டே இருந்தன. ஆனாலும் வெளியில் இருந்து பார்ப்பவருக்கு, '6 வரப்போகுது, 5 எதுக்கு?' என்றே தோன்றியது. பெர்ல் 5 குழு பெரிய மாற்றம் செய்தாலும் 6 என்று பெயர் வைக்க வழியில்லை. பெர்ல் 6 குழுவுக்கோ, புதிய மொழியை உருவாக்கியும் 'பழைய பெர்ல்தானே' என்ற பேச்சு. ஒரே நம்பரால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

தீர்வு என்ன?

2019 அக்டோபரில் பெர்ல் 6-ன் பெயர் 'ராக்கு' என மாறியது. லேரி வாலும் சம்மதித்தார். அந்த மொழியின் கம்பைலருக்கு ஏற்கெனவே இருந்த 'ராகுடோ' என்ற பெயரில் இருந்து வந்தது இது.

அப்போ பெர்ல் 7?

2020 ஜூனில் பெர்ல் 7 அறிவிக்கப்பட்டது. பெர்ல் 5-ன் நவீன வசதிகள் எதையும் தனியாக 'ஆன்' செய்யத் தேவையில்லாமல் தானாகவே கிடைக்கும் என்றார்கள். 'அப்படின்னா பல வருஷமா ஓடுற பழைய புரோகிராம்கள் நின்னு போயிடாதா?' என்று எதிர்ப்பு கிளம்பியது. 2022-ல் பெர்ல் வழிநடத்தல் குழு, இப்போதைக்கு 5-ம் வரிசையே தொடரும் என்று சொல்லிவிட்டது. 2025-ல் வந்ததும் 5.42 தான்.

மற்ற மொழிகளில் எப்படி?

பிஎச்பி 6 திட்டம் பாதியில் கைவிடப்பட்டது. குழப்பம் வேண்டாம் என்று 5-க்குப் பிறகு நேராக 7-க்குத் தாவினார்கள். பைத்தான் 3-லும் பழைய புரோகிராம்கள் பல ஓடவில்லை. ஆனால் அங்கே பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1 எனத் தேதி குறித்து விடை கொடுத்தார்கள். எது பழசு, எது புதுசு என்பதில் சந்தேகமே இல்லை.

பெர்லில் நடக்காமல் போனது அதுதான். பழைய மொழிக்கு விடை கொடுக்காமலே, புதிய மொழிக்கு அடுத்த நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். எனவே, வேலை விளம்பரத்தில் 'பெர்ல்' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். அது பெர்ல் 5 தான். அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.