7 லட்சம் பேர் மனதில் சோதனை! பேராசிரியர் குழு ஏன் தடுக்கவில்லை?

பேஸ்புக்கைத் திறந்தால் நண்பர்கள் எழுதியது வரிசையாக வருகிறது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்வது யார்? அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்தான்!

2012 ஜனவரியில் ஒரு வாரம், அதை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 6 லட்சத்து 89 ஆயிரத்து 3 பேர் அதில் அகப்பட்டார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சிலருக்கு மகிழ்ச்சியான செய்திகளைக் குறைத்துக் காட்டினார்கள். வேறு சிலருக்குச் சோகச் செய்திகளைக் குறைத்தார்கள். பிறகு அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று கம்ப்யூட்டர் எண்ணியது. மகிழ்ச்சி குறைந்தவர்கள் சற்றுச் சோர்வாக எழுதினார்கள். வித்தியாசம் மிகச் சிறிதுதான். ஆயிரம் வார்த்தைக்கு ஒன்று போல! ஆனாலும், அத்தனை பேரில் துக்க வீட்டுக்காரர் ஒருவர்கூடவா இருந்திருக்க மாட்டார்?

2014 ஜூனில் முடிவு வெளிவந்தது. ஜனங்கள் கொதித்தார்கள்.

குழு சொன்ன பதில்

ஆராய்ச்சிக் கட்டுரையில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் பெயர்களும் இருந்தன. அங்கே இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளைப் பரிசீலிக்க ஒரு குழு உண்டு. அது இதைப் பரிசீலிக்கவில்லை.

ஏன்? "சோதனையை நடத்தியது கம்பெனி. எங்கள் ஆட்கள் முடிவுகளை மட்டுமே பார்த்தார்கள். எனவே எங்கள் பரிசீலனை தேவை இல்லை" என்பதுதான் பல்கலைக்கழகம் சொன்னதன் சாரம்.

சட்டப்படி இது சரியாக இருக்கலாம். கேட்பவர் காதுக்குச் சரியாகப் படவில்லை!

இந்தக் குழுக்கள் எப்படி வந்தன? அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை, மேக நோய் கண்ட ஏழை நீக்ரோ மக்களை அரசாங்க டாக்டர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பென்சிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. பத்திரிகைகளில் இது அம்பலமானது. 1974-ல் சட்டம் வந்தது. குழுவில் குறைந்தது 5 பேர் வேண்டும். ஒருவராவது விஞ்ஞானி அல்லாதவராக இருக்க வேண்டும். ஒருவராவது வெளியாளாக இருக்க வேண்டும்.

ஊசி, மருந்துக் காலத்தில் பிறந்த ஏற்பாடு இது. முக்கியமாக அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்கு உரியது. தனியார் கம்பெனி தன் பணத்தில், தன் வாடிக்கையாளர் மீது சோதனை செய்தால்? அங்கேதான் ஓட்டை!

"சேரும்போதே எங்கள் விதிகளுக்குச் சம்மதித்தார்களே" என்றது கம்பெனி. விதிகளில் 'ஆராய்ச்சி' என்ற சொல் நுழைந்ததே சோதனை முடிந்து 4 மாதம் கழித்துத்தான் என்று பிறகு தெரிந்தது.

ஸ்டான்போர்டில் புது வழி

2020-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் வேறு வழி கண்டது. செயற்கை அறிவு பற்றி ஆராயப் பணம் கேட்பவர், அதனால் சமூகத்துக்கு என்ன கேடு வரலாம், அதை எப்படித் தடுப்பார் என்று முதலில் எழுதித் தர வேண்டும். பல துறை அறிஞர்கள் கொண்ட குழு அதைப் படிக்கும். குழு திருப்தி அடைந்தால்தான் பணம் வரும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பல்கலைக்கழகம் கொடுக்கும் பணத்துக்கு மட்டும். கம்பெனி தன் கட்டடத்துக்குள் நடத்தும் சோதனை, இந்தப் பேராசிரியர்களின் மேஜைக்கு இன்றும் வருவதில்லை.