நிற்பதற்கும் ஒரு கணக்கு

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் தேடினால் கிடைக்காத கார் உதிரி பாகம் குறைவு. ஹாரன், அலாய் வீல், சைலன்ஸர் என்று அலங்காரம் தேடி வருபவர்களுக்கு நடுவே பெரிய டிஸ்க் பிரேக் கேட்டு வருபவர்களும் உண்டு. பாராட்ட வேண்டியவர்கள்தான். எல்லோரும் ஓடுவதைப் பற்றி யோசிக்கும்போது இவர்கள் நிற்பதைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆனால் எதிர்பார்ப்பது ஒன்று, கிடைப்பது வேறு.

பெரிய டிஸ்க் மாட்டினால் கார் சட்டென்று நின்றுவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. பிரேக் பிடிப்பது சக்கரத்தை. சாலையைப் பிடிப்பது டயர். பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு அழுத்துகிறது என்றால், புது டிஸ்க்கால் நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. தேய்ந்த டயருக்கு எந்த பிரேக்கும் உதவாது.

பெரிய டிஸ்க்கின் பயன் வெப்பத்தில் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. அத்தனையும் சூடாக மாறும். 1,478 மீட்டர் உயர நந்தி மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பேட் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை போகும். பெரிய டிஸ்க் இந்தச் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். ராலி ஓட்டுபவர்களுக்கு அது அவசியம். மற்றவர்களுக்கு கியரைக் குறைத்து இறங்குவதே போதும். அதற்குச் செலவு இல்லை.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கலாம். பழைய ஆயிலை வைத்துக்கொண்டு புது டிஸ்க் மாட்டுவது வீண்.

மாட்டியே தீருவது என்றால் சில கேள்விகள். ரிம்முக்குள் காலிபர் இடிக்காமல் சுழலுமா? மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் புதிய பிஸ்டன்களுக்குப் போதுமா? முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் பலம் சரியாகப் பிரிகிறதா? பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். ஏ.பி.எஸ். உள்ள காரில் அதன் கணக்கு தொழிற்சாலை பிரேக்கை வைத்துப் போடப்பட்டது என்பதும் நினைவிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் முழுவதுமாக ஏர் எடுத்து, காலி சாலையில் நிதான வேகத்தில் பலமுறை பிரேக் பிடித்துப் பேடைப் பழக்க வேண்டும்.

சட்டமும் உண்டு. பதிவுச் சான்றிதழ் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பிரேக் மாற்றம் அந்த வரம்புக்குள் வருகிறதோ இல்லையோ, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

ஆக, செலவு செய்ய வேண்டிய வரிசை: டயர், ஆயில், நல்ல பேட், கடைசியில் டிஸ்க். ஜே.சி. ரோட்டில் இந்த வரிசையைச் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.