கையெழுத்து பொருந்தவில்லை

தோழர்களே, இந்த இதழின் தலையங்கத்தை ஒரு நட்டிலிருந்து தொடங்குகிறேன். கவிதை எழுதுகிறவன் நட்டைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

போன மாதம் என் கவுண்டருக்கு ஒருவர் வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். பணம் எடுக்கும் சீட்டில் போட்டிருந்த கையெழுத்து, பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் தந்த மாதிரியோடு ஒட்டவே இல்லை. “பொருந்தல, திரும்பப் போடுங்க” என்றேன். மூன்று தடவை போட்டார். மூன்றும் மூன்று விதம். பின்னால் வரிசை முணுமுணுத்தது. “விரலு மரத்துப் போவுது சார். பேனாவப் புடிச்சா புடிச்ச மாதிரியே இல்ல” என்றார். நான் வழக்கமான குமாஸ்தா குரலில், “அப்ப கைநாட்டுக்கு மாத்திக்கலாமே” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துச் சேரிக்காரர். இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவர். அவருடைய அப்பா கைநாட்டு. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

சாயந்திரம் டீக்கடையில் தேடிப்பிடித்தேன். சாரம் கட்டுவதுதான் தொழில். முதலில் சவுக்கும் கயிறும், பிறகு இரும்புப் பைப்பும் கிளாம்ப்பும். ஆலைகளில் வருஷாந்திரப் பராமரிப்புக்காக ஓட்டத்தை நிறுத்தும் நாட்களில் காற்றுக் கன்னால் பிளாஞ்சு போல்ட்டு இறுக்கியிருக்கிறார். மூன்று வருஷமாக அதே மாதிரி ஒரு பேட்டரி கன்னால் சாரக் கிளாம்ப்பை இறுக்குகிறார். அதற்குப் பேர் இம்பாக்ட் ரென்ச்.

“ஸ்பானர்ல எட்டுப் பேரு செஞ்சத இப்ப நாலு பேரு செய்யிறோம் தம்பி. கன்னக் குடுத்தாங்க. எப்டிப் புடிக்கணும்னு யாரும் சொல்லல.”

அந்தச் சொல்லப்படாததை நான் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

சாரத்துக்கு வரும் பைப்பின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். ஒரு பைப்பை இன்னொன்றோடு பிடித்து வைத்திருப்பது கிளாம்ப்பின் உராய்வுதான், வேறு மாயம் எதுவும் இல்லை. ஐரோப்பியத் தரத்தில் செய்த கிளாம்ப்புகளை வழக்கமாக 50 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்கச் சொல்கிறார்கள். அதாவது ஒரு சாண் ஸ்பானரின் நுனியில் இருபது கிலோவைத் தொங்கவிட்ட அளவு. ஒரு ஆள் கையால், உடம்பைப் போட்டுத் தொங்காமல், இயல்பாக இறுக்கினால் வருவது கிட்டத்தட்ட அதுதான். நம்மாட்களின் மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்த கணக்கு அது.

இப்போது கன்னைப் பாருங்கள். நட்டு தடையில்லாமல் ஓடும்வரை அது சும்மா சுழலும். தடை வந்ததும் உள்ளே இருக்கும் சுத்தி அடிக்க ஆரம்பிக்கும். டகடகவென்ற ஒவ்வொரு அடியும் இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கையில் எதிர்ப்பு அதிகம் தெரியாது, அதனால் எவ்வளவு இறுகியது என்று உடம்புக்கும் தெரியாது. சாதாரண பேட்டரி கன்னே 300 நியூட்டன் மீட்டர் தரும், பெரியவை ஆயிரத்தைத் தாண்டும். விசையை இரண்டு நொடி கூடுதலாக அழுத்தினால் 50 எங்கோ பின்னால் போய்விட்டது. போல்ட்டு நீண்டுவிடும், மரை போய்விடும், கிளாம்ப்பின் வாய் கோணும், பைப் நசுங்கும். அன்றைக்கே விழாது. அடுத்த சைட்டில், அதே கிளாம்ப்பை நம்பி வேறொருத்தன் ஏறும்போது விழும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மரையில் துருவும் சிமெண்டுப் பாலும் காய்ந்திருந்தால் நட்டு பாதியிலேயே மாட்டிக்கொள்ளும். கன் டகடகவென்று அடிக்கும், காதுக்கு ‘இறுகிப்போச்சு’ என்று கேட்கும், கிளாம்ப் லூசாகவே இருக்கும். சத்தத்தை நம்பினால் செத்தோம். மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் துடைத்து, நட்டு கையால் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கன்னை வைக்க வேண்டும்.

ஆகவே கன் நட்டை ஓட்டிக் கொண்டுபோய் உட்கார வைப்பதோடு சரி. அதுவும் குறைந்த வேகத்தில், அடி கேட்டவுடன் விசையை விட்டுவிட வேண்டும். கடைசி இறுக்கம் கை ஸ்பானரால்தான். அதிலும் சிலவற்றை டார்க் ரென்ச் வைத்துச் சோதிக்க வேண்டும். கன்னில் மாட்டும் சாக்கெட் இம்பாக்ட்டுக்கென்றே செய்த கறுப்பு சாக்கெட்டாக இருக்கட்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் அடி தாங்காமல் சிதறும், சில்லு கண்ணுக்குத்தான் வரும். சாக்கெட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கழுத்தில் துண்டு வேண்டாம். காதுக்கு அடைப்பான் வேண்டும். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள கன்னை இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டாமல் சாரத்திலேயே கயிறு போட்டுக் கட்ட வேண்டும். கை தவறினால் அது கீழே நிற்பவன் தலையில் விழக் கூடாது, உங்களையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

விரலுக்கு வருகிறேன். ஐரோப்பாவில் 2002-ல் வந்த விதி ஒன்று கை அதிர்வை எட்டு மணி நேரத்துக்குக் கணக்கிடுகிறது. 2.5 அளவைத் தொட்டாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. 10 அளவு அதிரும் கருவியை அரை மணி நேரம் இயக்கினால் முதல் எல்லை முடிந்தது. இரண்டு மணி நேரத்தில் கடைசி எல்லையும் முடிந்தது. நம் அண்ணன் விசையை அழுத்தியிருக்கும் நேரத்தை எவன் எண்ணினான்? குளிர்நாட்டில் விரல் வெளுத்துப்போவதைப் பார்த்தே நோயைக் கண்டுகொள்வார்கள். நம்மூர் வெயிலில் வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது. மரத்துப்போவதும், ஊசி குத்துவதும், பிடி தளர்வதும்தான். அதை டாக்டரிடம் சொன்னால் ‘சுகர் டெஸ்ட் எடுங்க’ என்பார். பேங்கில் சொன்னால் ‘கைநாட்டு வை’ என்பான் என்னைப் போல ஒருத்தன்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதற்கு நட்டுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. உயரத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். நேற்று நம் சேரி, இன்று நம் சேரியும் கர்பி மலையும் சேர்ந்து. கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் தனிச்சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நல நிதிக்கு என்றார்கள். 2020-ல் அந்தச் சட்டத்தைப் புதிய தொகுப்புக்குள் கரைத்துப் பாஸ் செய்தார்கள். தொழிலாளர் துறையை 1942 முதல் 1946 வரை கையில் வைத்திருந்தவர் அம்பேத்கர் என்பதை மேடையில் பேசுகிற நாம், அந்தத் துறையின் ஆய்வாளர் எந்தச் சாரத்திலாவது ஏறியிருக்கிறாரா என்று ஒரு மனுவாவது போட்டிருக்கிறோமா? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பொறியியல் படிக்கும் மாணவத் தோழர்கள் இந்த இதழை வாசிக்கிறீர்கள். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் டார்க் ரென்ச் ஒன்று தூசி படிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அதோடு வாருங்கள். கன்னால் இறுக்கிய பத்து கிளாம்ப்பையும் கையால் இறுக்கிய பத்தையும் அளந்து காட்டுவோம். காண்ட்ராக்டர் கன்னைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டாம், ஆளைக் குறைக்காமல், முறைபோட்டுக் கை மாற்றி, ஸ்பானரோடு சேர்த்துக் கொடுக்கட்டும் என்பதே கோரிக்கை. வேலையை லேசாக்கும் கருவி நமக்கும் வேண்டும்.

மேலே எழுதியதை ஒரு பக்கத் துண்டறிக்கையாக்கி அண்ணனிடம் கொடுத்தேன். கையெழுத்து அட்டையையும் எடுத்துப் போயிருந்தேன். புது மாதிரிக் கையெழுத்து மூன்று போட அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது. துண்டறிக்கையை எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்துவிட்டுச் சொன்னார்: “நல்லாருக்கு தம்பி. இந்தியிலயும் ஒண்ணு அடிங்க. மேல நிக்கிற பசங்க பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.”