மஞ்சள் பொட்டலத்தில் இருந்த அந்த வரி



எங்கள் தோட்டத்து மஞ்சள்தூள் பொட்டலத்தில் ஒன்பது வருசமாக ஒரு வரி இருந்தது: 'புற்றுநோயைக் குணமாக்கும் நாட்டு மஞ்சள்.' "இடம் மிச்சம் இருக்குதுங்க, ஏதாவது போடலாமே" என்று அச்சகத்துக்காரர் கேட்டார். நான்தான் எழுதிக்கொடுத்தேன். கண்காட்சிகளில் அந்த வரியைப் படித்துவிட்டு வாங்கினவர்கள் நிறையப் பேர். போன வைகாசியில் ஒருநாள் என் மகள் இருந்த பொட்டலம் அத்தனையையும் முற்றத்தில் கொட்டி வைத்துக்கொண்டு, கறுப்பு மார்க்கரால் அந்த வரியை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு பண்றே?" என்றேன்.

"உள்ள இருக்கறது நல்ல மஞ்சள்ங்கப்பா. வெளிய எழுதியிருக்கறதுதான் பொய்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பொட்டலம் விற்க என்ன பாடு என்று அவளுக்குத் தெரியாதா?

அவள் சமூகப்பணி முதுகலை படிக்கிறாள். அப்போதுதான் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் ஒரு மாத இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டு வந்திருந்தாள். 'ஹோலிஸ்டிக் கேன்சர் கேர்' என்று அதற்குப் பெயர். சிகிச்சை முடித்து வீடு திரும்புகிறவர்களுக்கு வழித்துணையாக இருப்பதும் அதில் ஒரு பகுதி. ஹோலிஸ்டிக் என்றதும் நான் கசாயமும் மூலிகையும் பத்தியமும் என்று நினைத்துச் சந்தோசமாக அனுப்பிவைத்தேன். அவள் சொன்ன விளக்கம் வேறு. கட்டியை மட்டும் பார்க்காமல், கட்டி வந்த மனுசியைப் பார்ப்பது. அவள் உடம்பு, தூக்கம், பயம், வீட்டுச் செலவு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, மேய்ச்சலுக்குப் போகாமல் கட்டிக்கிடக்கிற மாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. பூச்சியை மட்டும் பார்க்காதே, மண்ணைப் பார் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோமே, கிட்டத்தட்ட அதே பார்வைதான். ஆனால் ஒன்று. அங்கே அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எதையும் தள்ளிவைத்துவிட்டு இந்தப் பராமரிப்பு நடப்பதில்லை. அவற்றோடு சேர்ந்துதான் நடக்கிறது.

ஒரு மாதத்தில் அவள் என்ன செய்தாள் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. முதல் வாரம் முழுக்கக் கதிர்வீச்சு அறைக்கு வழி காட்டியிருக்கிறாள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு எந்தத் தாள் வேண்டும், ரயில் சலுகைக்கு யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். டாக்டரிடம் கேட்க நினைத்து, உள்ளே போனதும் மறந்துபோகிற கேள்விகளை எழுதிக்கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் ஆனால், ஏற்கெனவே சிகிச்சை முடித்து ஊருக்குப் போனவர்களுக்கு போன் போட்டு, சாப்பிட முடிகிறதா, அடுத்த செக்கப் தேதி நினைவிருக்கிறதா என்று கேட்பது. மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது அங்கே மாணவர்களுக்கு முதல் விதி.

அப்படிப் போன் பேசினவர்களில் ஒரு அம்மா. மார்பகத்தில் அறுவை முடிந்து எட்டு மாதம். "களை வெட்டப் போலாமா அம்மணி?" என்று கேட்டிருக்கிறார். சிகிச்சை முடிந்த அன்று 'கனமான வேலை செய்யாதீங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அதற்கு என்ன அர்த்தம்? மகள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு வந்து சொன்னாள். அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கை பின்னால் வீங்கக்கூடும். வருசம் கழித்துக்கூட வரும். அதற்காகக் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டியதில்லை. சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்துகொண்டு, வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கையுறை போட வேண்டும். முள் கீறினால் உடனே கழுவி மருந்து போட வேண்டும். கை சிவந்து சூடானால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நாலு விசயம் கிடைக்க அந்த அம்மா எட்டு மாதம் காத்திருந்தார். பருத்தி எடுக்கிற, மாடு பிடிக்கிற, மஞ்சள் வெட்டுகிற பெண்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

இனி என் கதைக்கு வருகிறேன். இதை இந்தப் பத்திரிகையில் எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

2016-ல் என் பெரியப்பா மகள், எனக்கு மூத்த அக்கா, மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று முதலில் என் வீட்டில்தான் சொன்னாள். அப்போது நான் ஊர் ஊராகப் போய் நஞ்சில்லா உணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். மேடை கிடைத்தவனுக்குத் தனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். "கத்தி வெச்சா பரவிரும் அக்கா, அவசரப்படாதே" என்றேன். தினமும் கோதுமைப்புல் சாறு, முள்சீத்தா இலைக் கசாயம், வெறும் வயிற்றில் பச்சை மஞ்சள். எல்லாம் என் தோட்டத்தில் விளைந்தவை; காசு வாங்கவில்லை. அப்படி ஏழு மாதம் போனது. கை தூக்க முடியாமல் மாமா அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது நோய் அக்குளையும் தாண்டியிருந்தது. அதன் பிறகு எல்லாச் சிகிச்சையும் நடந்தது. 2019 ஐப்பசியில் போய்விட்டாள்.

முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் ஒரு டாக்டரிடம் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார். அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை, தண்டனையாகவும் இல்லை. அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "நீ சொன்னா சரியா இருக்கும்னு இருந்துட்டேன் தம்பி" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

அவள் போன பிறகும் பொட்டலத்தில் இருந்த அந்த வரியை நான் எடுக்கவில்லை. இதைத்தான் மகள் அன்றைக்கு முற்றத்தில் உட்கார்ந்து கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

நண்பர்களே, நம் போராட்டம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் லிண்டேனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. கிளைபோசேட், மாலத்தியான் இரண்டையும் அதற்கு அடுத்த படியில், உண்டாக்கக்கூடும் என்று வைத்தது. முகமூடி இல்லாமல் மருந்தடித்த நம் தகப்பன்மாரைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும். நான் இன்னும் பேசுவேன். ஆனால் வராமல் தடுப்பது வேறு, வந்ததைக் குணமாக்குவது வேறு. இந்த இரண்டையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம்.

வராமல் தடுப்பதிலும் கணக்கு நாம் மேடையில் சொல்கிற அளவுக்கு நேராக இல்லை. 2018-ல் பிரான்சில் சுமார் 69,000 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், இயற்கை விளைபொருளை அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 25 விழுக்காடு குறைவாக இருந்தது. நாம் எல்லாரும் அதைப் பகிர்ந்தோம். 2014-ல் பிரிட்டனில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்த ஆய்வில் மொத்தத்தில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அதை யாரும் பகிரவில்லை. நானும்தான். குணமாக்குவது பற்றியோ சந்தேகத்துக்கே இடமில்லை. பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைப்போல இரண்டரை மடங்கு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். இதை மகள் எனக்குப் படித்துக் காட்டியபோது நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

இயற்கை என்றாலே நல்லது என்கிற பேச்சையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். புகையிலை இயற்கைதான், பாக்கும் இயற்கைதான். வாய்ப் புற்றுநோய் வார்டு நிறைந்திருப்பது இவற்றால். சரியாகக் காயவைக்காத நிலக்கடலையில் பிடிக்கிற பூஞ்சணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியான செய்தி. ரசாயனமே போடாத கடலையிலும் அது வரும். இன்னொரு பக்கம், நம் தென் மாவட்டங்களில் மானாவாரியில் விளைகிற நித்தியகல்யாணியில் இருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள் வந்தன. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றைக்கும் வின்கிறிஸ்டின் கொடுக்கிறார்கள். டன் கணக்கில் இலையை எடுத்துப் பிரித்து, சுத்தம் செய்து, அளவு பார்த்து ஏற்றினால் மருந்து. வீட்டில் கிள்ளிக் கசாயம் வைத்தால் விசம். செடி இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

இந்தச் சமயத்தில் நம் கீரைக்காரர்களுக்கு ஒரு சேதி சொல்லிவிடுகிறேன். கீமோ ஏற்றின ஒன்றிரண்டு வாரத்தில் நோயாளியின் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துபோகும். அப்போது சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். நாம் ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் தெளிக்கிறோம். அதில் சாணம் இருக்கிறது. அந்தக் கீரையைப் பச்சையாக அரைத்துச் சாறு எடுத்துக் கொடுப்பது அந்த நாட்களில் ஆபத்து. நன்றாகக் கழுவி, வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். அக்காவுக்குக் கீமோ நடந்தபோதுகூட நான் வாராவாரம் கோதுமைப்புல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்படியானால் நமக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. மருந்து சொல்லுகிற வேலையை விட்டுவிட்டால் மிச்சம் நிறையவே இருக்கிறது.

கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர்கள் சிலரும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து வலி நிவாரண ஆதரவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதிலிருந்து கேரளா முழுக்க, அக்கம்பக்கத்தாரே படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிப் போகிற ஏற்பாடு வளர்ந்தது. கல்லூரிப் பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள். 2008-ல் அந்த அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. நம் ஊரிலும் 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து ஆதரவுச் சிகிச்சை தருவது ஒரு பகுதி. ஆனால் வருகிற செவிலியருக்கு நேரம் குறைவு, தெரு தெரியாது. தெரு தெரிந்தவர்கள் நாம்.

எனவே என் யோசனை. சமூகப்பணி, சத்துணவியல், பிசியோதெரபி, வேளாண்மை படிக்கிற பிள்ளைகளுக்கு எப்படியும் களப்பயிற்சி உண்டு. முதலில் பத்து நாள் மருத்துவமனையில் பழகட்டும். அப்புறம் பத்து நாள் நம் கிராமங்களில் தங்கட்டும். தங்க இடமும் சாப்பாடும் நாம் கொடுப்போம். சிகிச்சை முடித்தவர்கள் வீட்டுக்கு, அவர்கள் சம்மதித்தால் மட்டும், நாம் கூட்டிப்போவோம். வாய்ப்புண்ணோடு சாப்பிட முடியாதவருக்குக் கஞ்சி எப்படி, உடம்பு அசந்தே கிடப்பவர் காலையில் எந்த வேலையை முதலில் செய்வது, வீங்கின கையோடு பால் கறக்க முடியாதென்றால் அந்த மாட்டை யார் பார்ப்பது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசட்டும். பதில் தெரியாத கேள்வியை எழுதிக்கொண்டு போய் மருத்துவமனையில் கேட்கட்டும். போட்டோ எடுக்கக் கூடாது. கேட்டதை டீக்கடையில் சொல்லக் கூடாது. இது பிள்ளைகளைவிட நமக்குத்தான் கஷ்டமான விதி. அந்தப் பிள்ளைகளோடு சாயங்காலம் யாராவது பெரியவர் உட்கார்ந்து பேச வேண்டும். முதல் மரணத்தைப் பார்த்த அன்று என் மகள் போனில் ஒன்றும் பேசாமல் அரைமணி நேரம் அழுதாள். அப்போது அவளுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

இதை நம் இயக்கத்தின் கூட்டத்தில் சொன்னபோது ஒருவர், "நாம ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கறதாங்க?" என்று கேட்டார். நியாயமான கோபம்தான். தனியார் மருத்துவமனை பில்லில் நிலத்தை விற்றவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் காப்பீட்டுத் தாளும் அரசு மருத்துவமனை விவரமும் தெரிந்த ஒரு பிள்ளை ஊருக்குள் வர வேண்டும் என்கிறேன். விவரம் தெரியாத குடும்பம்தான் முதலில் நிலத்தை விற்கிறது. இன்னொருவர், "கேன்சர்னு போட்டாத்தான் பொருள் போகுது, என்ன செய்ய?" என்றார். புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது சட்டப்படி குற்றம் என்று மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். நானும் அந்தக் குற்றவாளிதான். வரியை எடுத்த பிறகு இந்தக் கண்காட்சியில் பொட்டலம் கொஞ்சம் குறைவாகத்தான் போனது. உண்மை அதுதான்.

வருகிற தை, மாசியில் மஞ்சள் வெட்டும்போது இரண்டு மாணவிகளை அனுப்புவதாக ஒரு கல்லூரியில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் வேகவைக்கிற வாசம் கீமோ எடுப்பவர்களுக்கு ஆகாது, அந்தப் பக்கம் யாரையும் கூட்டிவராதீர்கள் என்று மகள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். தங்க இடம் கேட்டு மாமாவிடம் போனேன். அக்கா போனதிலிருந்து என்னோடு அளவாகத்தான் பேசுவார். விசயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் காலிங்கராயன் வாய்க்கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா ரூம்ல தங்கிக்கட்டும். பேனு சத்தம் போடுது, அதை மட்டும் மாத்திக்குடு" என்றார்.